பதினேழாம் எண்

இருபதாம் வளைவில் தொடங்கிய சண்டை
அடிவாரம் வந்தும் ஓயவில்லை.
காலை பத்து இருபது, முப்பதாவது நொடி.
எண் ஒன்பது எண் நான்கைத் தள்ளினான்.
நான் ‘மோதல்’ என்று குறித்திருக்கிறேன்.
ஷமீம் ‘கூட்டு விளையாட்டு’ என்று.
ஒரே பாய், ஒரே பையன்,
எங்கள் நாற்காலிகளுக்கு நடுவே இரண்டடி.

அரை நிமிடத்துக்கு ஒரு கட்டமாக
ஒரு மணி நேரத்துக்கு நூற்றிருபது கட்டம்.
ஒத்துப்போனது எழுபத்தொன்று.
குருட்டாம்போக்கில் பொருந்தியிருக்கக்கூடியதைக் கழித்தால்
மிஞ்சுவது பூஜ்யம் புள்ளி நான்கு ஒன்று.
நெறியாளரிடமிருந்து ஒரே வரி: திரும்பப் பாருங்கள்.
யாரை என்று சொல்லவில்லை.

மறுநாள் பையனையே கேட்டோம்.
தள்ளினியா, விளையாண்டியா?
“ரெண்டும்” என்றான்.
தாளில் ஒரு குறிக்குத்தான் இடம்.

*

மஞ்சக்குட்டை அங்கன்வாடிக்கு மேலே காப்பித் தோட்டம்.
சில்வர் ஓக் நிழலில் நின்றபடியே
ஒப்புதல் படிவம் படித்துக் காட்டினேன்.
“இதுல போட்டா எங்களுக்கு என்ன வரும்?”
ஒன்றும் வராது என்றிருந்தது ஆறாம் பத்தியில்.
அதையும் படித்தேன்.
சிரித்துவிட்டாள்.
விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினாள்.
துடைத்தும் போகாத பழப்பிசுக்கு
அவள் பெயரின் கடைசி எழுத்தில் ஒட்டியிருக்கிறது.

இருபத்து நான்கு கையெழுத்து.
அதோடு முடிந்தது என்றிருந்தேன்.
குழந்தையிடமும் கேட்க வேண்டும், அதன் மொழியிலேயே
என்றது நெறிமுறைக் குழு.
சேலம் விடுதியில் கண்ணாடி முன் நின்று பழகிய வாக்கியம் இது:
நீ விளையாடறத நான் பாத்து எழுதிக்கட்டுமா?

தலையாட்டினார்கள்.
ஒருத்தி என் பேனாவை வாங்கித் தானே எழுதிக்கொண்டாள்.
ஒருவன், பென்சில் கொடுத்தால் சரி.
பதினேழாம் எண், தன்யஸ்ரீ,
நான்கு வயது இரண்டு மாதம்,
சத்துணவு முட்டையின் ஓடுகளைத்
தரை விரிசலோரம் நிறுத்திக்கொண்டிருந்தவள்
நிமிராமலே சொன்னாள்:
“வேண்டாம்.”

பாக்கறது வேண்டாமா, எழுதறதா?
“நீ பாத்தா வராது.”
எது வராது?
பதில் இல்லை.

“அது கெடக்குது, நீங்க எழுதுங்க மேடம்,
அம்மாதான் போட்டாச்சே” என்றார் பூங்காவனம்,
ஒரு கையில் எடைக்கருவி,
இன்னொரு கையில் பதிவேடு, இடுப்பில் யாரோ ஒரு குழந்தை.

அந்த மாதம் முழுக்க நான் தேடியது
அந்த விரிசலோரம் நடந்துகொண்டிருந்தது.
எனக்குத் தெரியும்.
ஓரக்கண்ணுக்குத் தெரிந்துவிட்டது.
நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பினேன்.
வெளியே மிளகுக்கொடி, பனி, நின்றுபோன ஒரு ஜீப்.

காதை எந்தப் பக்கம் திருப்புவது?
மூன்று குரலில் பேசினாள்.
ஒரு குரல் அழுதது, ஒன்று அதட்டியது,
மூன்றாவது ஏதோ கேட்டது, மிக நல்ல கேள்வி.
அதை இங்கேயும் எழுத மாட்டேன்.

*

இப்போது எங்கள் ஒப்பு பூஜ்யம் புள்ளி ஆறு எட்டு.
முறையியல் இயலில் ஒரு வாக்கியம் சேர்த்தேன்:
‘ஒரு குழந்தை மறுத்தாள்.’
குழந்தை என்றால் மறுத்தது என்று வர வேண்டும்,
இலக்கணம் எனக்குத் தெரியாததல்ல.
நெறியாளர் திருத்தி அனுப்பினார்.
நான் பழையபடி மாற்றினேன்.
அதன் பக்கத்திலேயே சிவப்பில் இன்னொன்று:
காரணம்?

இரண்டு நாளாக அந்த இடத்தில்
கர்சர் மினுங்கிக்கொண்டிருக்கிறது.
மழை. கோரிமேட்டில் மின்சாரம் போய்ப் போய் வருகிறது.
ஷமீம் அழைக்கிறாள்.
எண் ஒன்பது மறுபடியும் தள்ளியிருக்கிறானாம்,
இந்தத் தடவை எண் நான்கு
திருப்பித் தள்ளிவிட்டுச் சிரித்திருக்கிறான்,
அல்லது அழுதிருக்கிறான்.